நடுவரின் கையும் இருபது செக்கனும்: சொப்ட்போலுக்குப் புதிதாக வருவோருக்கு

திருகோணமலையில் சொப்ட்போல் ஆட வரும் பிள்ளைகளில் அநேகம் பேர் கிரிக்கெட்டிலிருந்தோ எல்லேயிலிருந்தோதான் வருகிறார்கள். மட்டை பிடிக்கத் தெரியும், ஓடத் தெரியும், உயரத்தில் வரும் பந்தைப் பிடிக்கவும் தெரியும். அவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். நடுவர் கையைத் தூக்குகிறார்; எதற்கென்று தெரியாமல் பாதி ஓட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். அல்லது ஒரு பந்தும் வராமலே நடுவர் "ஸ்ட்ரைக்" என்கிறார். என்ன நடந்தது என்று விளங்காமல் கோச்சைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

முதலாவது சைகை தெரியாததால் வருவது. இரண்டாவது நேர விதி தெரியாததால் வருவது. இரண்டையும் தனித்தனிப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் சேர்த்தே படிக்க வேண்டும். உங்கள் நேரம் எப்போது ஓடத் தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பதை உங்களுக்குச் சொல்வதே நடுவரின் கைதான். கையைப் படிக்கத் தெரிந்தால் நேர விதியில் பாதி தானாக வந்துவிடும்.

இங்கே சொல்வது டெனிஸ் பந்தில் ஆடும் மென்பந்துக் கிரிக்கெட்டைப் பற்றி அல்ல. கீழ்க்கையால் பந்தெறிந்து, நான்கு பேஸை (ஓடித் தொட வேண்டிய நான்கு மூலைகளை) சுற்றி ஓடும் ஆட்டம். அதிலும் வேகமாக எறியும் வகை. சர்வதேசப் போட்டிகளுக்கு உலக பேஸ்போல் சொப்ட்போல் கூட்டமைப்பின் விதிநூல் உண்டு. வேறு நாட்டுச் சங்கங்களும் பாடசாலைப் போட்டிகளும் சில இடங்களில் அதிலிருந்து விலகும். அப்படி மாறக்கூடியவற்றை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கிரிக்கெட் சைகைகளை ஒதுக்கி வையுங்கள்

முதல் படி இதுதான். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த கண்ணுக்குச் சில சைகைகள் தலைகீழாகத் தெரியும்.

இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தினால் கிரிக்கெட்டில் சிக்ஸர். சொப்ட்போலில் அதே கை "ஃபவுல்", அல்லது "டைம்", அல்லது "டெட் போல்". மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: பந்து செத்துவிட்டது, ஆட்டம் நின்றுவிட்டது. மட்டையில் பட்டு ஓரமாகப் பறந்த பந்தைப் பார்த்து, நடுவரின் இரண்டு கையையும் பார்த்து, வெளியில் நிற்பவர்கள் கைதட்டத் தொடங்கினால் ஆடுகிற பிள்ளையும் குழம்பிப்போகும். பெற்றோருக்கும் இதை ஒருமுறை சொல்லி வையுங்கள்.

இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் கிரிக்கெட்டில் வைட். இங்கே "சேஃப்": ஓடி வந்தவர் ஆட்டமிழக்கவில்லை. உள்ளங்கை கீழே பார்க்க, நெஞ்சுக்கு முன்னாலிருந்து இரண்டு கையையும் வெளியே வீசுவார்.

அவுட்டுக்கு ஒற்றை விரல் கிடையாது. வலக்கையை முட்டியாக மடக்கி, கதவைத் தட்டுவதுபோல் ஓங்கிக் காட்டுவார்.

ஒரு சைகை மட்டும் கிரிக்கெட்காரருக்கு உதவும். கிரிக்கெட் நடுவர் ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினால் நோ போல். சொப்ட்போல் நடுவர் இடக்கையை முட்டியாக மடக்கிப் பக்கவாட்டில் நீட்டினால், பெரும்பாலும் பிட்சர் (பந்தெறிபவர்) விதி மீறி எறிந்திருக்கிறார். இதற்குள் இன்னும் விஷயம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

எல்லே ஆடியவர்களுக்கு மூன்று வாய்ப்பு என்பது பழக்கமான கணக்கு. ஆனால் எல்லேயில் உங்களுக்குப் பந்து போடுவது உங்கள் அணிக்காரர். இங்கே எறிபவர் எதிரணி. அவர் உங்களை அவசரப்படுத்துவார், இழுத்தடித்தும் பார்ப்பார். நேர விதிகள் இருப்பதே அதனால்தான்.

களம், சுருக்கமாக

ஓர் ஆட்டத்துக்கு 7 இன்னிங்ஸ். பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 18.29 மீற்றர். பிட்சர் நிற்கும் தட்டிலிருந்து, துடுப்பாளர் பக்கத்தில் நின்று அடிக்கும் ஹோம் பிளேட் வரை பெண்களுக்கு 13.11 மீற்றர், ஆண்களுக்கு 14.02 மீற்றர். பிட்சரைச் சுற்றி 2.44 மீற்றர் ஆரத்தில் ஒரு வட்டம். துடுப்பாளர் நிற்கும் கட்டம் 2.13 மீற்றர் நீளம், 0.91 மீற்றர் அகலம். இந்த வட்டத்தையும் கட்டத்தையும் மறக்க வேண்டாம். நேர விதிகளில் பாதி இவற்றைச் சுற்றியே வரும்.

துடுப்பாளர் மட்டை வீசாமல் விட்ட பந்து ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போனால் அது போல். எல்லைக்குள் வந்தாலோ, அவர் வீசித் தவறவிட்டாலோ ஸ்ட்ரைக். நான்கு போல் என்றால் துடுப்பாளர் முதல் பேஸுக்கு நடக்கலாம். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். ஸ்ட்ரைக் எல்லை என்பது ஹோம் பிளேட்டின் அகலம், துடுப்பாளரின் அக்குளுக்கும் முழங்காலின் மேற்பகுதிக்கும் இடைப்பட்ட உயரம்.

ஒரு பந்தின் வழியே சைகைகள்

சைகைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் களத்தில் ஞாபகம் வராது. ஒரு பந்து எப்படிப் பிறந்து முடிகிறதோ அந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.

துடுப்பாளர் கட்டத்துக்குள் வருகிறார். நடுவர் வலக்கையை உயர்த்தி, உள்ளங்கையைப் பிட்சருக்குக் காட்டுகிறார். "பொறு, எறியாதே." துடுப்பாளர் கால் ஊன்றும்வரை இந்தக் கை உயர்ந்தே இருக்கலாம். இது உயர்ந்திருக்கும்போது எறிந்த பந்து கணக்கில் வராது. பிட்சர்கள் இதைத்தான் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கெச்சர், எப்படி எறிய வேண்டும் என்று காட்டும் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவருக்குப் பின்னால் நிற்கும் நடுவரைப் பார்க்கமாட்டார்கள்.

பிறகு நடுவர் அதே வலக்கையால் பிட்சரை நோக்கி "வா" என்பதுபோல் அசைத்து "பிளே" என்பார். இனிப் பந்து உயிரோடு இருக்கிறது. நேரமும் ஓடுகிறது.

பந்து வருகிறது. போல் என்றால் கைச் சைகை எதுவும் இல்லை. குனிந்த நிலையிலேயே வாயால் மட்டும் சொல்லுவார். ஸ்ட்ரைக் என்றால் நிமிர்ந்து வலக்கையை ஓங்கிக் காட்டி உரத்துச் சொல்லுவார். துடுப்பாளர் மட்டையை வீசித் தவறவிட்டது எல்லாருக்கும் தெரியும் என்பதால், அப்போது குரல் இல்லாமல் கை மட்டும் வரலாம்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், ஏகாம்பரம் மைதானமோ மெக்கெய்சர் அரங்கோ, எந்தத் திறந்த வெளியிலும் பின்னேரம் நடுவரின் குரல் மூன்றாம் பேஸ் வரை போகாது. கை அசையவில்லை என்றால் அது போல் என்று எடுத்துக்கொள்ளப் பழகுங்கள். சந்தேகம் வந்தால் எண்ணிக்கையைக் கேளுங்கள். "கவுண்ட் என்ன சேர்?" என்று மரியாதையாகக் கேட்கும் பிள்ளையை எந்த நடுவரும் கோபிக்க மாட்டார்.

எண்ணிக்கை காட்டும்போது இடக்கை விரல்கள் போல், வலக்கை விரல்கள் ஸ்ட்ரைக். சொல்லும்போதும் போல் முதலில். "மூன்று, இரண்டு" என்றால் மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக். நடுவர் உங்களைப் பார்த்து நிற்கும்போது அவருடைய இடக்கை உங்கள் வலப்பக்கம் தெரியும். புதியவர்கள் புரட்டிப் படிப்பது இதனால்தான். பக்கத்தைப் பார்க்காதீர்கள், எந்தக் கை என்று பாருங்கள்.

மட்டையில் பட்ட பந்து, ஹோம் பிளேட்டிலிருந்து முதலாம், மூன்றாம் பேஸ் வழியாகப் போகும் ஓரக் கோடுகளுக்கு வெளியே போனால் இரண்டு கையும் மேலே, கூடவே "ஃபவுல்" என்ற குரல். ஓடியவர்கள் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும். உள்ளே விழுந்தால் நடுவர் வாய் திறக்கமாட்டார். களத்தின் உட்பக்கம் கையை நீட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். குரல் கேட்டால் நில், குரல் இல்லாமல் கை மட்டும் நீண்டால் ஓடு. ஓட்டக்காரருக்கு இந்த ஒரு வரி போதும்.

மட்டையின் ஓரத்தில் உரசி நேராகக் கெச்சரின் கையுறைக்குள் போய் நின்ற பந்து ஃபவுல் டிப். நடுவர் நெஞ்சுக்கு முன்னால் ஒரு கை விரல்களால் மற்றக் கை விரல்களை உரசிக் காட்டி, பிறகு ஸ்ட்ரைக் காட்டுவார். பெயரில் ஃபவுல் இருந்தாலும் இது செத்த பந்து அல்ல. ஸ்ட்ரைக் ஆகும், மூன்றாவதாக இருந்தால் அவுட், ஓடுபவர் ஓடிக்கொண்டே இருக்கலாம். பேஸுக்கு விழுந்தடித்து ஓடிய பிள்ளை "ஃபவுல்தானே" என்று எழுந்து நடந்து திரும்பி வந்து, நடுவில் தொடப்பட்டு ஆட்டமிழப்பது புதிய அணிகளில் அடிக்கடி காணும் காட்சி. இரண்டு கையும் மேலே போகும்வரை எந்தப் பந்தும் சாகவில்லை.

அரைகுறையாக மட்டை வீசினாரா இல்லையா என்பது ஹோம் பிளேட் நடுவருக்குத் தெரியாவிட்டால், அவர் பேஸ் நடுவரைக் கையால் சுட்டிக் கேட்பார். பேஸ் நடுவர் கையை ஓங்கினால் வீசியது, இரண்டு கையை விரித்தால் வீசவில்லை.

ஹோம் ரன்னுக்கு வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி வட்டமாகச் சுற்றுவார். இரண்டு விரலை உயர்த்தினால் எல்லாருக்கும் இரண்டு பேஸ். பந்து உடலில் பட்டால் இரண்டு கையும் மேலே, பிறகு முதல் பேஸைச் சுட்டுவார். இன்ஃபீல்ட் ஃப்ளைக்கு (உட்களத்தில் இலகுவாகப் பிடிக்கக்கூடியபடி உயரே எழும் பந்துக்கு) வலக்கையை நேர்மேலே உயர்த்தி, பந்து காற்றில் இருக்கும்போதே சொல்லிவிடுவார்: துடுப்பாளர் அவுட், பிடித்தாலும் விட்டாலும் சரி. முதலாம், இரண்டாம் பேஸில் ஆட்கள் இருந்து (அல்லது மூன்று பேஸும் நிறைந்து), இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருந்தால்தான் இது வரும்.

இனி அந்த நீட்டிய இடக்கை. விதிமீறிய எறிதலோ, ஓடுபவரைக் களத்தடுப்பாளர் மறித்ததோ நடந்தால் நடுவர் உடனே ஆட்டத்தை நிறுத்தமாட்டார். இடக்கை முட்டியைப் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஓடவிடுவார், முடிந்தபிறகு தண்டனையைச் சொல்லுவார். அந்தக் கையைக் கண்டதும் துடுப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றே: தைரியமாக அடிப்பது. விதிமீறிய எறிதலில் நீங்கள் நன்றாக அடித்தால் அந்த அடியை வைத்துக்கொள்ளலாம். அடி பிழைத்தால் தண்டனையை எடுத்துக்கொள்ளலாம். துடுப்பாளருக்கு ஒரு போல் கிடைக்கும். ஓடுபவர்களுக்கும் ஒரு பேஸ் உண்டா என்பது விதிநூலுக்கு விதிநூல் மாறும்.

பிட்சரின் 20 செக்கன்

பந்து கைக்கு வந்ததிலிருந்தோ, நடுவர் "பிளே" என்று கையசைத்ததிலிருந்தோ, பிட்சருக்கு 20 செக்கன். அதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். கை சேர்த்து நின்றால் போதாது, சுற்றத் தொடங்கினாலும் போதாது. தாண்டினால் துடுப்பாளருக்கு ஒரு போல். மூன்று போல் இருக்கும்போது இது நடந்தால் அவர் முதல் பேஸுக்கு நடந்து போவார். மூன்று பேஸும் நிறைந்திருந்தால் ஓர் ஓட்டம் நடந்தே வந்துவிடும்.

20 செக்கன் குறைவு என்று நினைக்க வேண்டாம். கைபேசியில் ஓடவிட்டுப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். பிரச்சினை நேரம் போதாமை அல்ல, ஒழுங்கில்லாமை. நான் சொல்லிக்கொடுக்கும் பங்கீடு இது.

முதல் 5 செக்கன் வட்டத்துக்குள் திரும்பி வருவதற்கு. பந்தை வாங்கியபடியே பேஸில் நிற்பவர்களைப் பாருங்கள். பந்து உங்கள் கையில், நீங்கள் வட்டத்துக்குள் என்றால், பேஸை விட்டு நிற்பவர் உடனே முன்னால் போகவோ பின்னால் திரும்பவோ வேண்டும். தயங்கி நின்றால் அவுட். அவரை விரட்டுவதுபோல் நீங்கள் கையை ஓங்கினால் அந்தக் கட்டாயம் அவருக்கு இல்லாமல் போய்விடும். அமைதியாக நில்லுங்கள், விதி உங்களுக்காக வேலை செய்யும்.

அடுத்த 5 செக்கன் மூச்சுக்கும் வியர்வைக்கும். திருகோணமலை வெய்யிலில் இதை விட்டுவிட முடியாது. கையைக் காற்சட்டையில் துடையுங்கள். கை வழுக்காமலிருக்கப் பூசும் ரெசின் பொடி பயன்படுத்த நடுவர் அனுமதித்திருந்தால் அது தட்டுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். துவாய் எடுக்க ஒவ்வொரு பந்துக்கும் ஓரத்துக்கு நடந்தால் நேரம் அதிலேயே கரைந்துவிடும்.

பிறகு தட்டில் காலை வைத்து, இரண்டு கையையும் பிரித்து வைத்தபடி கெச்சரின் விரலைப் பாருங்கள். பிரித்து வைப்பது விதி. கை சேர்த்த நிலையில் சைகை வாங்கக்கூடாது. இந்த இடத்தில்தான் நடுவரின் கையையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். உள்ளங்கை உயர்ந்திருக்கிறதா? பொறுங்கள். இறங்கிவிட்டதா? தொடருங்கள்.

கடைசியில் கைகளைச் சேர்த்து, உடம்பு முழுவதும் அசையாமல் ஒரு நிறுத்தம், பிறகு எறிதல். எத்தனை செக்கன் நிற்க வேண்டும், எத்தனைக்கு மேல் நிற்கக்கூடாது என்ற அளவு போட்டிக்குப் போட்டி வேறுபடும். ஆனால் நிற்காமல் வழுக்கிக்கொண்டே எறிவது எங்குமே விதிமீறல்.

கெச்சர் காட்டியது பிடிக்கவில்லை, நேரமும் போகிறது, என்ன செய்வது? கைகள் சேருமுன் தட்டிலிருந்து பின்பக்கமாகக் காலை எடுத்து இறங்கலாம். முன்னாலோ பக்கத்திலோ இறங்கினால் விதிமீறல். இறங்கியதும் நேரம் புதிதாகத் தொடங்கிவிடாது என்பதையும் ஞாபகம் வையுங்கள். உண்மையிலேயே தேவை என்றால் நடுவரிடம் டைம் கேளுங்கள்.

பிட்சர் தாமதிப்பதற்குக் கெச்சரும் ஒரு காரணம். பேஸில் ஆட்கள் இல்லாதபோது கெச்சர் பந்தை நேரே பிட்சருக்கே திருப்பி எறிய வேண்டும். ஸ்ட்ரைக் அவுட்டுக்குப் பிறகு மற்றவர்களுக்கு எறியலாம். மற்றபடி மூன்றாம் பேஸுக்கு ஒரு சுற்று விளையாட்டுக்கு அனுப்பினால் அதற்கும் துடுப்பாளருக்கு ஒரு போல்.

துடுப்பாளரின் 10 செக்கன்

2023 நவம்பர் 6ஆம் திகதி டில்லியில் அஞ்சலோ மத்யூஸுக்கு நடந்தது இலங்கையில் யாருக்கும் மறந்திருக்காது. உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷுக்கு எதிராக ஆட வந்தார், தலைக்கவசத்தின் பட்டி அறுந்தது, மாற்றுக் கவசம் வருமுன் நேரம் கடந்துவிட்டது என்று ஒரு பந்தும் ஆடாமல் ஆட்டமிழந்தார். சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் அவர்தான்.

சொப்ட்போலில் தண்டனை அவ்வளவு கடுமை இல்லை, ஆனால் மணிக்கூடு இன்னும் வேகமானது. நடுவர் கூப்பிட்டபிறகு 10 செக்கனுக்குள் கட்டத்துக்குள் வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் ஒரு ஸ்ட்ரைக். பிட்சர் பந்தெறியவே தேவையில்லை. இன்னொரு வித்தியாசம்: கிரிக்கெட்டில் எதிரணி முறையிட்டால்தான் நடுவர் தீர்ப்புச் சொல்லுவார். இங்கே யாரும் கேட்கத் தேவையில்லை, நடுவர் தானாகவே சொல்லிவிடுவார். "விட்டுக்கொடுங்கோ" என்று எதிரணியிடம் கேட்டுப் பயனில்லை.

அதனால் உங்கள் ஆயத்தம் கட்டத்துக்கு வெளியேதான் முடிய வேண்டும். உங்களுக்கு முந்தியவர் ஆடும்போதே தலைக்கவசத்தைப் போட்டு, பட்டியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சப்பாத்து லேஸைப் பாருங்கள். கையுறை போடுவதென்றால் அப்போதே போடுங்கள். மட்டையைத் தேடி ஓடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மட்டை இரண்டு பேருக்குப் பொது என்றால் முன்னவர் ஓடியதும் யார் அதைப் பொறுக்கிக் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

உள்ளே வந்தபிறகு அடுத்த பழக்கம்: பந்துக்கும் பந்துக்கும் இடையே குறைந்தது ஒரு கால் கட்டத்துக்குள் இருக்கட்டும். கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஆடுகளத்தைத் தட்டப் போவதும், பக்கத்தில் நடந்துவிட்டு வருவதும் வழக்கம். இங்கே அது நேர விரயம். பல போட்டிகளில் முதலில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் ஸ்ட்ரைக். மட்டையை வீசிய பிறகும், பந்து உங்களை ஒதுங்க வைத்தபோதும், பந்து கெச்சரைத் தாண்டி ஓடியபோதும், டைம் கொடுக்கப்பட்டபோதும் வெளியே வரலாம். மூன்றாம் பேஸுக்குப் பக்கத்தில் நிற்கும் உங்கள் கோச்சின் சைகையை ஒரு கால் உள்ளே வைத்தபடியே திரும்பிப் பார்க்கலாம். அதைப் பயிற்சியிலேயே கால் பழக வேண்டும்.

டைம் கேட்பது உங்கள் உரிமை, ஆனால் கொடுப்பது நடுவர். கச்சான் காற்றில் கண்ணுக்குள் மண் விழுந்தால் தயங்காமல் கேளுங்கள். கேட்கும் முறை: பின்பக்கக் கையை உயர்த்தி, நடுவர் பக்கம் முகத்தைத் திருப்பி, "டைம் சேர்" என்று சத்தமாக. பிறகு, கவனியுங்கள், நடுவர் இரண்டு கையையும் உயர்த்தும்வரை வெளியே வராதீர்கள். கேட்டதே கிடைத்ததாக நினைத்துக்கொண்டு காலை வெளியே வைத்தால், பிட்சர் எறிந்துவிட்டால், அந்தப் பந்து போலா ஸ்ட்ரைக்கா என்று கணக்கில் வரும். பிட்சர் எறியும் அசைவைத் தொடங்கியபிறகு டைம் கிடைக்காது. அதனால் அவர் கைகளைச் சேர்க்குமுன் கேளுங்கள்.

மனிதர் கேட்காமலே டைம் வரும் சந்தர்ப்பங்களும் உண்டு. எங்கள் நகருக்குள் மான்கள் தம்பாட்டில் திரிவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். களத்துக்குள் மானோ நாயோ புகுந்தால் நடுவர் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டத்தை நிறுத்துவார். அவர் உயர்த்தும்வரை ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். உயர்த்தியபின் ஓட்டம் செல்லாது.

இன்னிங்ஸுக்கும் இன்னிங்ஸுக்கும் இடையே

பக்கம் மாறும்போது பிட்சருக்குப் பழகு பந்துகள் உண்டு, ஒரு நிமிடத்துக்குள். முதல் இன்னிங்ஸிலும் புதிய பிட்சர் வரும்போதும் 5, பின்னர் ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் 3 என்று வைக்கும் விதிகள் பரவலானவை. கூடுதலாக எறியும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு போல். மூன்றாவது அவுட் விழுந்ததும் நடந்து வெளியேறாமல் ஓடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் பாதி நடையிலேயே போய்விடும்.

கெச்சர் பேஸில் ஓடுபவராக நிற்கும்போது இரண்டாவது அவுட் விழுந்தால், அவருக்குப் பதில் தற்காலிக ஓட்டக்காரர் ஒருவரை விடலாம். அவர் வெளியே வந்து கால் கவசமும் மார்புக் கவசமும் கட்டத் தொடங்கலாம். இந்த விதியைப் பயன்படுத்தாமல் விடும் அணிகள் ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு நிமிடம் காத்திருக்க வைக்கின்றன.

கோச் உள்ளே வந்து பேசுவதற்கும் கணக்கு உண்டு. களத்தடுப்பு அணிக்கு 7 இன்னிங்ஸுக்கு மூன்று முறை. நான்காவது முறை வந்தால் பிட்சர் எறிவதை விட வேண்டும். துடுப்பாடும் அணிக்கு இன்னிங்ஸுக்கு ஒன்று. துடுப்பாளருக்கு வேண்டுமென்றே நடை கொடுக்க விரும்பினால் நான்கு பந்தையும் எறியத் தேவையில்லை, நடுவரிடம் சொன்னால் போதும். ஐந்து இன்னிங்ஸ் முடிந்து 7 ஓட்ட வித்தியாசம் இருந்தால் சர்வதேச விதியில் ஆட்டம் அத்துடன் முடியும். சமநிலையில் நின்றால் 8ஆவது இன்னிங்ஸிலிருந்து இரண்டாம் பேஸில் ஓர் ஆளை வைத்துத் தொடங்குவார்கள்.

பயிற்சியில் எப்படிக் கொண்டுவருவது

விதிகளை வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள், களத்தில் மறந்துவிடுவார்கள். உடம்பில்தான் ஏற வேண்டும்.

முதலில் சைகைகளைப் பிள்ளைகளே காட்டட்டும். ஒருவர் நடுவராக நின்று சத்தமில்லாமல் கையை மட்டும் காட்ட, மற்றவர்கள் அதற்குரிய அசைவைச் செய்ய வேண்டும். இரண்டு கை மேலே என்றால் எல்லாரும் பேஸுக்குத் திரும்பி நடக்க வேண்டும், இடக்கை முட்டி நீண்டால் துடுப்பாளர் மட்டையை வீச வேண்டும், ஃபவுல் டிப் என்றால் ஓட்டத்தை விடாமல் தொடர வேண்டும். குரல் இல்லாமல் செய்வதுதான் முக்கியம். காற்று அடிக்கும் நாளில் இதுதான் கைகொடுக்கும்.

அடுத்து பிட்சர், கெச்சர், துடுப்பாளர் மூவரோடு நடுவராக ஒருவர், கைபேசியுடன் இன்னொருவர். 20 செக்கன் ஓடவிட்டு, ஐந்து ஐந்தாக உரத்துச் சொல்லட்டும். பிட்சருக்கு ஒழுங்கு பிடிபட்டதும் சொல்வதை நிறுத்திவிடுங்கள். மணிக்கூட்டைப் பார்க்காமலே நேரம் தெரிய வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான களங்களில் மணிக்கூடு தொங்கவிட்டிருக்க மாட்டார்கள். நடுவரின் கையிலோ சட்டைப் பையிலோதான் அது இருக்கும்.

நடுவராக நிற்பவர் இடையிடையே உள்ளங்கையை உயர்த்திப் பிட்சரை நிறுத்திப் பார்க்க வேண்டும். கவனிக்காமல் எறிந்தால் அந்தப் பந்தைத் திரும்ப எறியச் சொல்லுங்கள். அதேபோல் துடுப்பாளர் டைம் கேட்டால் சில தடவை கொடுக்காமல் விடுங்கள். கால் வெளியே வந்துவிட்டதா என்று பாருங்கள். "பிள்ளை, கையைப் பார்த்தியா?" என்று அந்த இடத்திலேயே கேட்டால் அடுத்தமுறை தானாகப் பார்க்கும்.

அணியில் எல்லாரும் ஒருமுறையாவது கெச்சருக்குப் பின்னால் முகக்கவசத்தோடு நின்று நடுவர் வேலை பார்க்கட்டும். போலா ஸ்ட்ரைக்கா என்று ஒரு நொடியில் சொல்லவும், அதே நேரம் கையும் காட்டவும் எவ்வளவு கடினம் என்று அங்கே நின்றால்தான் தெரியும். அதன்பிறகு அந்தப் பிள்ளை நடுவரோடு வாதாடுவது குறையும், அவர் கையைப் பார்ப்பது கூடும்.

ஆட்ட நாளில்

ஆட்டம் தொடங்குமுன் நடுவர் இரு அணித் தலைவர்களையும் கோச்மாரையும் ஹோம் பிளேட்டுக்குக் கூப்பிடுவார். அங்கே சும்மா கைகொடுத்துவிட்டு வராதீர்கள். இன்றைக்கு எந்த விதிநூல் என்று கேளுங்கள். 20 செக்கனையும் 10 செக்கனையும் யார் பார்க்கிறார்கள், முதலில் எச்சரிக்கை உண்டா அல்லது நேரே தண்டனையா என்று கேளுங்கள். விதிமீறிய எறிதலுக்கு ஓடுபவர்களும் முன்னேறுவார்களா, பழகு பந்து எத்தனை, கால் கட்டத்துக்கு வெளியே போனால் என்ன என்பதையும் அப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பந்து மதிலைத் தாண்டினால், மரத்தில் பட்டால், வீதிக்கு ஓடினால் எத்தனை பேஸ் என்பது அந்தந்த மைதானத்துக்கென்று முடிவாகும் விஷயம். அதையும் கேட்டு அணிக்குப் போய்ச் சொல்லுங்கள்.

பிட்சரின் எறியும் கையில் மணிக்கட்டுப் பட்டியோ காப்போ கோயில் நூலோ கட்டியிருந்தால் அங்கேயே காட்டி அனுமதி கேளுங்கள். மணிக்கட்டுப் பட்டியைப் பெரும்பாலும் கழற்றச் சொல்லுவார்கள். நூலுக்கும் மறுப்பு வந்தால், அதை அவிழ்த்துப் பத்திரமாக வைக்க அம்மாவையோ ரீச்சரையோ தேடிக் கொடுக்க அப்போது நேரம் இருக்கும்; முதல் பந்துக்குப் பிறகு 20 செக்கன்தான்.